ஒன்பது மணிக்கு ஒரு கிரகப்பிரவேசம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கணித மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. இன்ன வேலை என்று விளக்க ஆரம்பித்தால் கல்யாணப் பந்தியில் சொந்தக்காரர்கள் இடம் மாறி உட்கார்ந்துவிடுகிறார்கள். இருந்தாலும் சொல்கிறேன். இரண்டிலிருந்து ஐந்து வரை உள்ள எண்களை ஒரு செட்டாக அதனிடம் கொடுத்து, எல்லாவற்றையும் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்றால், அந்த செட் எங்கே போய் உட்காரும் என்று அது சொல்ல வேண்டும். ஏழிலிருந்து பதினாறு. இரண்டு செட்டுக்கும் பொதுவானது எது என்று கேட்டாலும் சொல்ல வேண்டும். ஓரத்து எண் சேர்த்தி என்றால் சதுர அடைப்புக்குறி, சேர்த்தியில்லை என்றால் வளைந்த அடைப்புக்குறி. அந்த அடைப்புக்காக நாள் முழுக்க மல்லுக்கட்டத்தான் எனக்குச் சம்பளம்.

வைகாசியில் பட்டாபிராம் ஃப்ளாட்டின் சாவி கைக்கு வந்தது. அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் ஓனரோ, மகன் வருகிறான், மாதக் கடைசிக்குள் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். வைகாசியை விட்டால் ஆவணிதான். நடுவில் ஆனி, ஆடி இரண்டு மாதமும் சாமான்களோடு எங்கே போய் நிற்பது என்று என் மனைவி கேட்டுக் கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை. வைகாசியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு முகூர்த்த நாள், ஒரு புதன்கிழமை.

நாள் ஒன்று, அம்மாக்கள் இரண்டு. புதன் ஏழரையிலிருந்து ஒன்பது வரை எமகண்டம், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள்தான் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்றாள் என் அம்மா. எங்கள் வீட்டில் ராகு காலம்தான் பார்ப்போம், எமகண்டமெல்லாம் பார்ப்பதில்லை என்றார் மாமியார். அவருடைய ஜோசியர் சூரிய உதயத்திலிருந்து ஆறு நாழிகை முதல் எட்டேகால் நாழிகை வரை என்று குறித்துக் கொடுத்திருந்தார். இந்தக் காலத்தில் நாழிகையில் பேசுகிற ஜோசியரை எங்கே பிடித்தாரோ, பகவானுக்கே வெளிச்சம்.

எனக்குத்தான் கொழுப்பு. இதற்கென்றே மென்பொருள் கையில் இருக்கும்போது காகிதத்தில் கணக்குப் போடுவேனா? ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாழிகைகளை ஒரு செட்டாகக் கொடுத்து, இருபத்து நாலால் பெருக்கி நிமிடமாக்கி, சூரிய உதயத்தைக் கூட்டச் சொன்னேன். நான் கேட்ட கேள்வியையே அழகாக மடித்து விடை என்று திருப்பிக் கொடுத்தது. எங்கள் மேனேஜரிடம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். உதயத்தை எண்ணாகக் கொடுக்காமல் எக்ஸ் என்று வெறும் எழுத்தாகக் கொடுத்தது என் தப்புதான். காலண்டரைப் பார்த்து ஐந்து நாற்பத்திரண்டு என்று கொடுத்தேன். எட்டு மணி ஆறு நிமிடத்திலிருந்து ஒன்பது வரை என்று வந்தது. அம்மாவின் நேரத்துக்கும் இதற்கும் பொதுவானதைக் கேட்டேன். ஒரே ஒரு எண் வந்தது. ஒன்பது மணி. முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை.

அதுவும் அந்த ஒன்பது இரண்டு பக்கமும் சேர்த்தியாக இருந்தால்தான். ஏதாவது ஒரு பக்கம் வளைந்த அடைப்பைப் போட்டால் பொதுவாக எதுவுமே இல்லை, பள்ளியில் படித்த வெற்றுக்கணம்தான். உடனே இருவருக்கும் ஃபோன் போட்டேன். ஒன்பது அடித்ததும் எமகண்டம் போயாச்சு, இதில் என்ன சந்தேகம் என்றாள் அம்மா. எட்டேகால் நாழிகை வரை என்றால் அந்த எட்டேகாலும் சேர்ந்துதான் மாப்பிள்ளை என்றார் மாமியார். நாட்டுக்கு நாடு ஒப்பந்தம் போட்டுவைத்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். உள்ளே போக எவ்வளவு நேரம் இருக்கிறது என்று மனைவி கேட்டாள். நேரமெல்லாம் கிடையாது, அது ஒரு புள்ளி, புள்ளிக்கு நீளமே கிடையாது என்றேன் பெருமையாக. அவள் பாத்திரத்தை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்தப் புதன்கிழமை எட்டரைக்கே புது வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டோம். அம்மா கையில் சாமி படம், மாமியார் கையில் குத்துவிளக்கு, மனைவி இடுப்பில் நிறைகுடம், என் கையில் ஃபோன். கீழே வண்டியில் சாமான். டிரைவர் மாடி ஏறி வந்து, "இன்னா சார், எறக்கலாமா? பத்து மணிக்குப் பூந்தமல்லில வேற லோடு கீது" என்றார். ஒன்பது மணிக்குத்தான் என்றேன். அவர் திறக்காத கதவையும் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

எட்டேமுக்கால் இருக்கும். மனைவி குடத்தை என் கையில் திணித்தாள், என் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள், கதவைத் திறந்தாள், விறுவிறுவென்று உள்ளே போனாள். பாத்ரூம் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள் பாவம், எனக்கு அது உறைக்கவேயில்லை.

வலது காலா இடது காலா என்று அம்மா என்னைக் கேட்டாள். நான் எங்கே காலைப் பார்த்தேன்? எட்டேமுக்கால் அருமையான நேரம்தான் என்று மாமியார் சுவரிடம் சொன்னார். அம்மாவின் முகம் சுருங்கிப்போயிற்று. மனைவி கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்ததும், வெளியே வந்துவிட்டு ஒன்பதுக்கு முறையாக மறுபடி உள்ளே போம்மா என்று அம்மா சொன்னாள்.

மனைவி கூடத்தின் நடுவிலேயே நின்றாள். "அத்தை, இதுவரைக்கும் அஞ்சு வாடகை வீடு. வெளிய போன்னு சொன்னப்பல்லாம் போயிட்டேன். இந்த ஒரு வீட்ல இருந்து மட்டும் என்னை வெளிய வரச் சொல்லாதீங்க" என்றாள். குரல் உடைந்துவிட்டது. இத்தனை நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது நேரத்தை இல்லை.

அம்மா சாமி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எமகண்டத்திலேயே, படியைத் தாண்டி உள்ளே போனாள். "அடுப்பு எங்கடி வெச்சிருக்க? பாலை ஏத்தலாம்" என்றாள். மாமியார் விளக்கோடு பின்னாலேயே நுழைந்தார். கீழே டிரைவர் யாரையும் கேட்காமல் பீரோவை இறக்க ஆரம்பித்திருந்தார்.

நானும் குடத்தோடு காலைத் தூக்கினேன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து கையை நீட்டி மறித்தாள்.

"நீங்க நில்லுங்க. அவ்ளோ கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச நேரம். யாராவது ஒருத்தராவது அதுல வர வேணாமா?"