தறி நின்ற பின்

பல்லடத்தில் ஆறாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். பிள்ளைகள் கேள்வியில் இருக்கும் சொல்லைப் பாடத்தில் தேடி, அந்த வரியை அப்படியே எழுதி வைப்பது எனக்கு ஆகவே ஆகாது. அதனால் ஒரு பத்தியைப் படித்ததும், கண்ணை மூடி அதைப் பார்க்கச் சொல்வேன், கேட்கச் சொல்வேன்.

அன்று கடலைப் பற்றிய பத்தி. வகுப்பில் யாரும் கடலைப் பார்த்ததில்லை.

"கடல் எப்படிக் கேக்குது?" என்றேன்.

முதல் பெஞ்சுப் பெண் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "கரண்டு போனா எங்கூட்டுத் தறியெல்லாம் நின்னுருமுங்க மிஸ். அப்புறமும் காதுக்குள்ள ஓடிட்டே இருக்குமில்லீங்க, அப்படிங்க."

மணி அடிக்குமுன் மின்சாரம் போனது. தெருவின் விசைத்தறிகள் ஒருசேர அடங்கின. ஒரு பிள்ளையும் கண்ணைத் திறக்கவில்லை. நானும் மூடிக்கொண்டேன்.

கால் நனைந்தது.