பெட்டியில் விழுந்த நாலு கவர்

கச்சிராயபாளையம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த ஜோஸ்வாவின் மனைவி இசபெல்லாவுக்குக் கோபக்காரி என்று பெயர். காஜா எடுப்பாள், பட்டன் தைப்பாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாள். அந்தக் கோபத்துக்கு ஊரில் பெரிதாக வேலை இருந்ததில்லை, பொன்னுரங்கம் வந்து அதைக் கொடுக்கும் வரை.

பொன்னுரங்கம் அரசாங்கத்துக்குச் சரக்குப் போடுகிறவர். கல்வராயன் மலையில் இருந்த பிள்ளைகள் விடுதிகளுக்குச் சட்டை, பாவாடை, தட்டு, பருப்பு, விறகு எல்லாமே அவர் கை வழியாகத்தான் மலையேறும். அதற்கு வருஷா வருஷம் டெண்டர் விடுவார்கள். கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்துத் தாழ்வாரத்தில் பூட்டிய தகரப்பெட்டி வைத்திருப்பார்கள். விலை எழுதி ஒட்டிய கவரை யார் வேண்டுமானாலும் அதில் போடலாம், குறைந்த விலை யாருடையதோ அவருக்கு வேலை என்பது விதி. நடந்தது வேறு. காலையிலேயே பொன்னுரங்கத்தின் ஆட்கள் பெட்டியைச் சுற்றி நின்றுகொள்வார்கள். வெளியாள் யாராவது கவரோடு வந்தால் தோளில் கை போட்டுக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். கடைசியில் பெட்டியில் மூன்று கவர் இருக்கும். ஒன்று பொன்னுரங்கம் பெயரில், ஒன்று மச்சான் பெயரில், ஒன்று டிரைவர் பெயரில். மூன்றையும் எழுதிய கை ஒன்றுதான். அலுவலகத்தில் இருந்தவர்கள் அந்த நேரத்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பொன்னுரங்கம் கொடுத்த துணியைத் தைத்துக் கொடுத்தவன் ஜோஸ்வா. ஒரு தடவை அலசினால் சட்டை தொப்புளுக்கு மேலே ஏறிக்கொள்ளும் ரகம். சில பீஸ் மிஷினில் ஓடும்போதே இழை விட்டது. "இத விட நல்ல துணிய, இத விட கம்மி வெலைக்கு நாமளே போடலாமே" என்று எண்பத்தாறாம் வருஷம் அவன் ஒரு கவரோடு கிளம்பிப் போனான். தோளில் விழுந்த கையைத் தட்டிவிட்டான். அவனை அலுவலகத்துக்குப் பின்னால் இழுத்துப்போய், வலது கையை ஜீப்பின் கதவிடுக்கில் வைத்து ஓங்கிச் சாத்தினார்கள்.

கதவு காற்றில் மூடிக்கொண்டது என்று போலீஸ் எழுதிக்கொண்டது. பொன்னுரங்கம் ஓர் ஆளிடம் ஹார்லிக்ஸ் பாட்டில் கொடுத்தனுப்பினார். கொண்டுவந்தவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இசபெல்லா அதை வாசற்கல்லில் போட்டு உடைத்தாள்.

கட்டுப் பிரித்தபோது ஜோஸ்வாவின் கட்டைவிரல் மடங்கவில்லை. இனி கத்தரிக்கோல் பிடிக்க முடியாது. அவன் அளவு சொல்ல, அவள் துணி வெட்டப் பழகினாள்.

"வுட்டுடு இசபெல்லா. ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றான் அவன்.

"அவரு பாத்துக்கட்டும். நானும் பாத்துக்கிறேன்."

அடுத்த வருஷம் விடுதிப் பிள்ளைகளுக்கு இரண்டாவது செட் உடுப்புக்கு டெண்டர் வந்தது. இசபெல்லா கம்மலை அடகு வைத்து டெபாசிட் கட்டினாள். அப்படிக் கட்டப் போன அன்று வெங்கடேசன் என்ற கிளார்க்கிடம் கேட்டாள்.

"சார், அவங்க யாருமே வராம நான் மட்டும் போட்டா எனக்குத்தான வரும்?"

"ஒத்த கவருன்னா எடுக்க மாட்டாங்கம்மா. போட்டி இல்லன்னு மறுபடி டெண்டர் வுடுவாங்க" என்றார் அவர். கொஞ்சம் தயங்கி, "பாத்து வாங்க" என்றும் சொன்னார்.

கவர் போடும் நாள் செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறித்தார்களே, சரியாக அதற்குள் வந்து விழுந்தது. சாலை நெடுக மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. தெருவில் தலை காட்டவே பயந்த நாட்கள். "இன்னிக்குப் போவாத" என்று ஜோஸ்வா வாசலை மறித்துக்கொண்டு நின்றான். அவள் கொல்லைப் பக்கமாக வெளியேறி, கவரை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு கள்ளக்குறிச்சியை நோக்கி நடந்தாள்.

ஒரு பெரிய புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்த இடத்தில் ஆட்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாவாடை என்ற கரும்பு விவசாயி அவளைத் தடுத்தார்.

"எங்கம்மா போற இந்த நேரத்துல?"

"டவுனுக்குங்க. அவசரம்."

"பொம்பள ஒண்டியா போற. ரோட்டுல வாணாம், போலீசு நிக்கிது. அந்த வரப்புமேல போயிடு."

மரத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஜீப் நின்றது. அந்தக் கதவை அவளுக்குத் தெரியும். உள்ளே பொன்னுரங்கம் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். கோமுகி அணைப் பக்கம் இருந்த தன் கரும்புத் தோட்டத்துக்கு முந்தின நாள் வந்தவர், திரும்பும்போது மாட்டிக்கொண்டார். வழிவிடச் சொல்லி அதட்டியிருக்கிறார். பாவாடை ஜீப் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, பொழுது சாயும்வரை வண்டியும் ஆளும் அசையக்கூடாது என்று சொல்லிவிட்டார். டவுனுக்கு வர வேண்டிய அவருடைய ஆட்களும் எங்கோ ஒரு மரத்துக்கு அப்பால் நின்றிருந்தார்கள்.

"இந்தாம்மா" என்று பொன்னுரங்கம் தணிந்த குரலில் கூப்பிட்டார். "டவுனுக்கா போற?"

இசபெல்லா ஜீப்புக்கு அருகே போனாள். அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. அவளை அவருக்குத் தெரியவே இல்லை. தன் புருஷன் கையை நசுக்கியவன் தன் முகத்தைக்கூட ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அவளுக்குக் கை நசுங்கியதைவிடப் பெரிதாக எரிந்தது.

"ஆமாங்க."

அவர் துண்டுக்கடியிலிருந்து அரக்கு வைத்த மூன்று கவர்களை எடுத்தார். "மூணு மணிக்குள்ள ஆபீசு பெட்டில இத போட்டுடு. தாழ்வாரத்துல இருக்கும், பச்சைப் பெட்டி. போட்டுட்டு வந்தீன்னா உனக்கு ஏதாவது செய்றேன்."

அவள் வாங்கிக்கொண்டாள்.

வரப்பு ஓர் ஏரி மதகில் போய் ஏறியது. கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. மூன்று கவரையும் கிழித்து அதில் விட்டுவிடக் கை துடித்தது. கிழிக்க ஆரம்பித்தும் விட்டாள். முதல் கவரின் ஓரம் பிய்ந்தபோதுதான் வெங்கடேசன் சொன்னது காதில் விழுந்தது. ஒற்றைக் கவர் என்றால் மறுபடி டெண்டர். மறுபடி என்றால் மரங்கள் இருக்காது, பெட்டியைச் சுற்றி ஆட்கள் இருப்பார்கள். பொன்னுரங்கம் தோற்க வேண்டுமானால் அவர் போட்டியில் இருக்க வேண்டும்.

அவள் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கவர்களைத் தலையில் வைத்து முக்காடு போட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள்.

தாழ்வாரம் காலியாக இருந்தது. முதலில் பொன்னுரங்கத்தின் மூன்று கவர்களையும் போட்டாள். பிறகு தன்னுடையதை. மூன்று மணிக்கு அதிகாரியும் வெங்கடேசனும் பெட்டியைத் திறந்து விலைகளைப் படித்தார்கள். போட்டிக்கு ஆளே வர மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதிய விலைகள் அவை. இசபெல்லாவின் விலை அவற்றுக்கு எட்டாத பள்ளத்தில் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்ப அன்றைக்கு யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

மறியல் முடிந்ததும் பொன்னுரங்கம் அலுவலகத்துக்குள் கத்திக்கொண்டே நுழைந்தார். உத்தரவு வாங்க வந்திருந்த இசபெல்லா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"ரோட்டுல எறும்புகூட போவ முடியல. அன்னிக்கு இன்னா டெண்டரு? செல்லாது. ரத்து பண்ணுங்க."

"உங்க கவரு வந்திருக்கே சார். ஒங்க மச்சான் கவரு, டிரைவர் கவருகூட வந்திருக்கு" என்றார் வெங்கடேசன்.

"அந்த மூணும் நான் ஒரு பொம்பள கிட்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"மூணும் நீங்களா குடுத்தீங்க?" என்று அதிகாரி நிமிர்ந்தார்.

 இசபெல்லா எழுந்தாள்.

"எங்கிட்டதாங்க குடுத்தீங்க. பத்திரமா போட்டுட்டேன்."

"நீ... நீ யாரு?"

"உங்க ஜீப்பு கதவுல கை நசுங்குனாரே ஜோஸ்வா, அவரு பொண்டாட்டி."

அந்த வருஷம் மலைப்பிள்ளைகளின் சட்டை சுருங்கவில்லை. ஆனால் இசபெல்லாவுக்கு அது போதவில்லை. மனுவோடு கடலூருக்குக் கலெக்டர் ஆபீஸ் போனாள். திரும்பத் திரும்பப் போனாள். கவரைத் தபாலிலும் அனுப்ப வழி வேண்டும், பெட்டி இன்னோர் ஆபீசிலும் வேண்டும், எல்லார் முன்னாலும் திறந்து படிக்க வேண்டும் என்றாள். பெரிய சீர்திருத்தம் கேட்கிறாயே என்று அங்கே ஒருவர் பாராட்டினார். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. அவன் ஆளுங்க அந்தப் பெட்டிகிட்ட நிக்கக் கூடாது" என்றாள். கடைசியில் ஒரு கலெக்டர் மூன்றுக்கும் உத்தரவு போட்டார்.

அதற்குப் பிறகு பொன்னுரங்கம் எதற்கெல்லாம் கவர் போட்டாரோ அதற்கெல்லாம் அவளும் போட்டாள். தட்டுக்குப் போட்டாள். விறகுக்குப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டாள். ஜோஸ்வா வெறுத்துப்போனான். "நசுங்குனது என் கை. எனக்கே ஆறிப்போச்சு. உனக்கு இன்னா?" என்று ஒருநாள் கத்தினான். அவள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். பொன்னுரங்கமே ஒருமுறை வீட்டுக்கு வந்து, ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொள்ளலாம், எதற்கு வம்பு என்றார். உட்காரக்கூடச் சொல்லாமல் கதவைச் சாத்தினாள். தோற்றுத் தோற்று அவர் ஜீப்பை விற்றார். அதை விற்ற அன்று இசபெல்லா கடைத்தெருவுக்குப் போய் அது கைமாறுவதை நின்று பார்த்தாள்.

சில வருஷம் கழித்து உடுப்பு டெண்டரில் இசபெல்லாவே தோற்றாள். மூங்கில்துறைப்பட்டிலிருந்து அமிர்தம் என்ற பெண் தபாலில் கவர் அனுப்பியிருந்தாள். எல்லார் முன்னாலும் படித்தபோது இசபெல்லாவுக்கு முகம் சிவந்துவிட்டது. எழுந்து மேஜைக்குப் போனாள்.

"பொன்னுரங்கம் போட்டிருக்கானா சார்?"

"இல்லம்மா. அவரு பேரே இல்ல."

"அப்ப சரி" என்று குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.