'குச்சு' என்ற சொல்லைத் தேடிக் கறம்பக்குடி போனது

யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்த ஓர் ஐப்பசியில், ஒரே ஒரு சொல்லுக்காகத் திருச்சியிலிருந்து கிளம்பினேன். குடிசைக்கு ஏன் 'குச்சு' என்று பெயர்? என்னுடன் தமிழ் கற்பிக்கும் நண்பர், சிற்றறையைக் குறிக்கும் 'குச்சில்' தேய்ந்து குச்சு ஆனது என்றார். குச்சியால் கட்டுவதால் குச்சு என்றேன் நான். கறம்பக்குடிப் பக்கம் கேட்டால் தெரியும் என்று யாரோ சொல்ல, நானும் நம்பினேன்.

புதுக்கோட்டைக்கு ரயில். அங்கிருந்து கறம்பக்குடி பஸ்ஸில் இருபத்தைந்து மைல். பக்கத்தில் உட்கார்ந்தவர் பெயர் முத்தையா; அவர் மடியில் பச்சைத் தென்னங்கீற்றுக் கட்டு. அதன் நுனி வழி நெடுக என் காதைக் குத்தியது. மேலே ஏற்றச் சொன்னேன். "மேல போட்டா காத்துல கிழிஞ்சுரும்ங்க" என்றார்.

ஆலங்குடி தாண்டியதும் பஸ் நின்றது. கண்டக்டர் கரி அடுப்பைக் கிளறினார். டிரைவர் கண்டக்டரைத் திட்டினார். தூறல் விழுந்ததும் முத்தையாவின் முகம் வாடிவிட்டது.

"அக்கா மக பெரிய மனுசியாயிட்டாங்க. தாய்மாமன் நான் போயி குச்சுக் கட்டினாத்தான் பிள்ளை உள்ள உக்காரலாம். விடிஞ்சதுலேருந்து வெளியில நிக்கிது."

சொல்லே தேடி வந்துவிட்டதே என்று பாதிக் கீற்றை நான் தலையில் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸை விட்டுவிட்டு அவர் அக்கா ஊருக்குச் சேற்றில் இரண்டு மைல் நடந்தோம்.

வேப்பமரத்தடியில் அந்தப் பெண் சாக்கைப் போர்த்தி நின்றிருந்தாள். அவள் தகப்பனாரும் முத்தையாவும் கம்பு ஊன்றத் தொடங்கினார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், அதற்குக் குச்சு என்று ஏன் பெயர் வந்தது எனக் கேட்டுவிட்டேன்.

"குச்சி ஊனுறமுல்ல, அதான் குச்சு" என்றார் முத்தையா.

தகப்பனார் கம்பைக் கீழே போட்டார். "யாரு சொன்னா? குச்சுன்னா சின்னதுன்னு அர்த்தம். எங்க ஊருல செங்கல்லுல கட்டின சின்ன வீடும் குச்சுதான்."

"ஒங்க ஊருல செங்கல்லையும் குச்சிம்பாக மச்சான்."

மழை வலுத்தது. நானோ, 'குச்சில்' என்று இன்னொரு கட்சி இருப்பதையும் எடுத்துச் சொன்னேன். எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

"மாமா" என்றாள் அந்தப் பெண். குளிரில் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. "பேரு கெடக்கட்டும். கீத்தைப் போடுங்க."

தகப்பனார் கம்பை மறுபடி எடுத்து ஊன்றினார். கீற்றுகளை எடுத்துக் கொடுத்து நானும் உதவினேன். அவள் குனிந்து உள்ளே போய் உட்கார்ந்து, "இங்கிட்டு ஒழுகுது" என்று ஒரு மூலையைக் காட்டினாள். அதையும் அடைத்தோம்.

திரும்பி வந்து நண்பரிடம், கட்சி இரண்டல்ல, மூன்று என்றேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் மழை ஓய்ந்து தை பிறந்தபின் போங்கள்; ஆலங்குடியிலேயே சாப்பிட்டுவிடுங்கள். யாராவது கூரை வேய்ந்துகொண்டிருந்தால், முடியும்வரை சொல்லாராய்ச்சி வேண்டாம்.