பக்கத்து வீட்டுக்கு ஓடிய வெந்நீர்

1. குழாய்க்குக் காய்ச்சல்

பிளம்பர் வேலையில் நான் வாங்கிய முதல் புகார் ஒரு பால் டின்னில் வந்தது.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஜாலான் துக்காங் எமாஸில் எங்கள் முதலாளி காதர் நானாவின் கடை. மத்தியானம் மூன்று மணிக்கு நடராஜா பிள்ளை உள்ளே வந்தார். கோர்ட்டில் கிராணி, அதாவது குமாஸ்தா. அன்று அவருக்கு லீவு, ஆனாலும் டை கட்டியிருந்தார். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட செட்டி சமூகத்தவர். பெயரில் இருந்த தமிழ் அவர் வாயில் கிடையாது. வீட்டில் பேசுவது அவர்களுடைய மலாய்தான்.

டின்னை மேசைமேல் வைத்து, "பாய்ப் சாயா டெமாம்" என்றார். என் குழாய்க்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

முதலாளி டின்னுக்குள் விரலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். பிள்ளை வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது, அதில் தார் வாடையும் வருகிறது. நாளைக் காலை தண்ணீர் இலாகா இன்ஸ்பெக்டரோடு வருவதாகச் சொல்லிவிட்டு டையைச் சரிசெய்துகொண்டு போனார்.

"வால்வு போட்டியாடா மணியம்?"

"போட்டேன் முதலாளி."

அது பொய். எனக்கு வயது இருபத்திரண்டு. அந்த வயதில் பொய் வாயில் தயாராகவே இருக்கும்.

2. மிஸ்ஸியின் கூரை

பிள்ளையின் பக்கத்து வீடு மிஸ்ஸி ஞானம்மாவுடையது. எங்கள் ஊரில் நர்ஸை மிஸ்ஸி என்போம். அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்று, காஜா பெராங் பகுதியில் இருந்த தன் வீட்டிலேயே மூன்று கட்டில் போட்டுப் பிரசவம் பார்த்தார். பிள்ளை பெற்றவர்களைக் குளிப்பாட்ட நாள் முழுக்க வெந்நீர் வேண்டும். மழைக்காலத்தில் ரப்பர் விறகு எரியாது, புகையும்.

ஒருநாள் கடைக்கு வந்து சொன்னார்: "பெத்தவ இருமுறா, பெத்த புள்ள இருமுது, நானும் இருமுறேன். மேல தகரத்துல முட்டை பொரிக்கலாம், கீழ நான் ஈர வெறக ஊதிக்கிட்டு இருக்கேன். அந்தச் சூடு சும்மாதானே போவுது? தண்ணிக்குள்ள எறக்கிக் குடுங்க நானா."

காதர் நானா எந்த வேலைக்கும் முடியாது என்று சொன்னதில்லை. சொன்னால் ஆள் எதிர்க் கடைக்குப் போய்விடும். சரி என்று சொல்லிவிட்டு, எப்படி என்று யோசிக்கிற பொறுப்பை என்னிடம் தந்தார்.

முக்கால் இன்ச் இரும்புக் குழாயைக் கூரைத் தகரத்தின்மேல் பாம்பு மாதிரி வளைத்து வளைத்துப் போட்டு, தார் பூசிக் கறுப்பாக்கினேன். நாற்பத்து நான்கு காலன் டிரம் ஒன்றைக் கழுவி, மரப்பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் மரத்தூள் அடைத்தேன். பகலில் ஏறுகிற சூடு காலை வரை நிற்க வேண்டும் அல்லவா. இதுவரை சரி. டிரம்மைத் தூக்க அலுப்புப்பட்டு, அதைக் குழாய்க்குக் கீழே வைத்தேன். மத்தியானம் கூரையில் குழாய் கொதித்து ரயில் எஞ்சின் மாதிரி ஆவி விட்டது. கீழே டிரம்மில் தண்ணீர் ஜில்லென்று கிடந்தது.

முதலாளி தெருவில் நின்றே பார்த்தார். "சுட்ட தண்ணி மேலதாண்டா ஏறும். கீழ வச்சா அது ஒனக்காக எறங்கி வருமா?"

மறுநாள் பலகைத் தாங்கல் கட்டி டிரம்மை உயரத்துக்கு ஏற்றினேன். நான்கு மணிக்குக் கை வைக்க முடியாத சூடு. மறுநாள் காலையிலும் குளிக்கிற அளவு வெதுவெதுப்பு. மிஸ்ஸிக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் முதலில் குளிக்க வேண்டிய பெண் மறுத்துவிட்டாள். எஸ்டேட்டிலிருந்து வந்தவள், பிரசவமாகி மூன்று நாள். தண்ணீரைத் தொட்டுப் பார்த்து, சூடாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டாள். ஆனால் நெருப்பைக் காணாத தண்ணீர் எவ்வளவு சுட்டாலும் பச்சைத்தண்ணீர்தான், உடம்புக்கு ஆகாது என்றாள். அவள் மாமியாரும் அதையே சொன்னார். அந்தக் குடும்பத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

மிஸ்ஸி வாதாடவில்லை. சமையலறையில் நான்கு தேங்காய் மட்டையைக் கொளுத்தி நன்றாகப் புகையவிட்டார். புகை வாடை வந்ததும் வெந்நீர் தயார் என்றார். அந்தப் பெண் திருப்தியாகக் குளித்தாள். புகை வேண்டாம் என்றுதான் எங்களைக் கூப்பிட்டார் என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

3. பெட்டிக்குள் கிடந்த வால்வு

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். மிஸ்ஸி வீட்டுக்கும் பிள்ளை வீட்டுக்கும் தெருவிலிருந்து வருவது ஒரே குழாய்தான். அதனால், ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமலிருக்க முதலாளி ஒரு பித்தளை வால்வு கொடுத்திருந்தார். ஒரு பக்கம் மட்டும் விடும், மறுபக்கம் அடைத்துக்கொள்ளும். ஆனால் காஜா பெராங்கில் அப்போது தண்ணீர் கூரைக்கு ஏறுவதே பெரும்பாடு. வால்வு போட்டதும் சொட்டுச் சொட்டாக வந்தது. டிரம் நிறைய அரை நாள் ஆனது. நான் வால்வைக் கழற்றி டூல் பெட்டிக்குள் போட்டேன். உடனே சுறுசுறுப்பாக ஏறியது. நான் முதலாளியைவிடப் புத்திசாலி என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானத்தில் தெருக் குழாயில் வேகம் குறையும். அப்போது பிள்ளை வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால், எங்கள் டிரம்மிலிருந்த வெந்நீர் வந்த வழியே இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போய்விடும். அவருடைய காய்ச்சல் அதுதான்.

மறுநாள் காலை பிள்ளை இன்ஸ்பெக்டரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கோர்ட்டுக்குப் போனார். சில மாதங்களுக்கு முன்வரை இன்ஸ்பெக்டர் வேலை பார்த்தது ஒரு வெள்ளைக்காரர். இவர் மலாய்க்காரர், இளைஞர், காலில் புதுச் சப்பாத்து. அந்தச் சப்பாத்தோடு கூரையில் ஏற மனமில்லாமல் கீழேயே நின்று கேள்வி கேட்டார். டிரம் தண்ணீர் தெருக் குழாயில் கலப்பது பெரிய குற்றம் என்றார். மிஸ்ஸி வீட்டு இணைப்பை அப்போதே துண்டிக்கலாம், எங்கள் லைசென்ஸையும் பிடுங்கலாம். உள்ளே இரண்டு கட்டிலில் ஆள் இருந்தது. ஒருத்திக்கு வலி எடுத்துவிட்டது. மிஸ்ஸி வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

முதலாளி அவரிடம் மலாயில் பதில் சொன்னார். வால்வு இருக்கிறது, போட்டதாக என் ஆள் சொன்னான், அவன் சொன்னால் போட்டிருப்பான், வால்வுதான் பழுதாகியிருக்க வேண்டும் என்றார்.

முதல் நாள் அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. நான் டூல் பெட்டியைத் திறந்து வால்வை எடுத்து இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்தேன். கழற்றியது நான்தான், முதலாளிக்குத் தெரியாது என்றேன். என் மலாய் அரைகுறை. குற்றத்தை ஒப்புக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வால்வைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளிருந்து அந்தப் பெண் அலறுவது கேட்டது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மத்தியானம் ஒரு மணிக்குள் வால்வு போட வேண்டும், டிரம்முக்குத் தனியாகச் சின்னத் தொட்டி வைத்து அதன் வழியாகத்தான் தண்ணீர் விட வேண்டும், இல்லையென்றால் துண்டிப்புதான் என்று வேகமாகச் சொல்லிவிட்டு, வெளியே போய் மாமரத்தடியில் நின்றுகொண்டார்.

அதுவரை இரண்டு வீட்டுக்கும் குழாயை அடைத்தாக வேண்டும். காதர் நானா கைலியை மடித்துக் கட்டி, தெருக்கோடிக் கிணற்றிலிருந்து பிரசவத்துக்குத் தண்ணீர் சுமந்தார். நான் உச்சி வெயிலில் தகரத்தின்மேல் மண்டியிட்டு வேலை செய்தேன். வெயில் சும்மா போகிறது என்று மிஸ்ஸி சொன்னது தவறு. அன்று அது முழுக்க என் முழங்காலுக்குத்தான் வந்தது. ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முடித்தேன். குழந்தையும் அதற்குள் பிறந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் இரண்டையும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் முதலாளி ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்கிட்ட ஏண்டா போட்டேன்னு சொன்ன?"

நான் டூல் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

4. திருமதி பிள்ளையின் முழங்கால்

ஒரு வாரம் கழித்து நான் மிஸ்ஸி வீட்டில் குழாய் பார்த்துக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் திருமதி பிள்ளை வந்து நின்றார். இடுப்பில் சாரோங், மேலே கெபாயாச் சட்டை, கையில் ஒரு தட்டுப் பலகாரம். வெந்நீர் ஏன் நின்றுவிட்டது என்று கேட்டார். பழுது பார்த்துவிட்டோம் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அவருக்கு முழங்கால் வலி. கணவர் கோர்ட்டுக்குப் போனபின் தினமும் இரண்டு மணிக்கு அந்தக் குழாயில் நின்று குளித்திருக்கிறார். சொன்னால் நின்றுவிடும் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. கணவர் லீவு போட்ட அன்று மத்தியானம் அவரே குழாயைத் திறந்துவிட்டார்.

"தீகா மிங்கு லுத்துட் சாயா மெர்டேகா" என்றார். மூன்று வாரம் என் முழங்காலுக்குச் சுதந்திரம்.

உள்ளே இருந்து கேட்ட மிஸ்ஸி சிரித்துக்கொண்டே வந்தார். மத்தியானம் வெந்நீர் மிஞ்சத்தான் செய்கிறது, தனிக் குழாய் போட்டுக் கொடு தம்பி என்றார்.

அந்த வேலைக்கு முதலாளியே கூரை ஏறினார். நான் பார்த்து அதுவே முதல் தடவை. புது வால்வை என்னிடமிருந்து வாங்கி, ஒரு பக்கம் வாய் வைத்து ஊதினார், காற்று போனது. திருப்பி ஊதினார், போகவில்லை. துடைத்து என்னிடம் கொடுத்து, "நீயும் ஊது" என்றார். ஊதினேன். பிறகு நான் மாட்டி முடிக்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

பின்னாளில் நானே கான்ட்ராக்டராகி, பல பேரை வேலைக்கு வைத்தேன். அவர்கள் "போட்டாச்சு அண்ணே" என்று சொன்னால் நான் நம்புவேன். நம்பிக்கொண்டே ஏணியில் ஏறுவேன்.