ஜஹனாராவின் பொத்தான் போன்

ஜஹனாரா சமைக்கிற கல்யாணத்தில், அவள் வந்துவிட்டாளா என்று யாரும் பின்கட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. குரல் மண்டபத்து வாசல்வரைக்கும் கேட்கும். "அஹத்து, அடுப்ப கொற! இன்னா வேடிக்கை பாத்துகினு கீற?" கொதிக்கிற அண்டாக்கள், வெங்காயம் வதங்கும் இரைச்சல், பாத்திரம் உருளும் ஓசை எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் குரல் ஏறி நிற்கும். செங்கல்பட்டு வட்டாரத்தில் பிரியாணிக்கு அவள் பெயர் எடுத்ததில் கைப்பக்குவத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தக் குரலுக்கும் அவ்வளவு பங்கு. ஆட்டுக்கறி பார்த்து வாங்குவதும் வண்டி ஓட்டுவதும் புருஷன் ஹமீதின் வேலை. அடுப்படியில் அவர் வாய் திறக்க மாட்டார்.

அவள் கழுத்தில் தைராய்டு கட்டி வந்தது. அறுவை செய்வதற்கு முன்பே டாக்டர் சொல்லியிருந்தார், குரலுக்குப் போகிற நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பாதிக்கப்படலாம் என்று. சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் படுத்தாள். கண் விழித்து ஹமீதைக் கூப்பிட்டபோது வெறும் காற்றுதான் வந்தது. திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார்கள். அவள் அழவில்லை. ஒத்துக்கொண்ட கல்யாணங்களை யாரிடமும் தள்ளிவிடவும் இல்லை.

முதல் கல்யாணத்தில் கையால் ஜாடை காட்டினாள். தலைமைச் சமையல்காரன் அப்துல் அஹத் பல வருஷம் அவளோடு இருப்பவன், கண்ணைப் பார்த்தே புரிந்துகொள்வான் என்று நம்பினாள். இரண்டாவது அடுப்பைப் பார் என்று இரண்டு விரலைக் காட்டினாள். அவன் இன்னும் இரண்டு கை உப்பு என்று எடுத்துக்கொண்டான். பந்தியில் தண்ணீர் கேட்டு ஆள் மாற்றி ஆள் கூப்பிடுவதைப் பின்கட்டில் நின்றபடி கேட்டாள்.

"ரெண்டு வெரல காட்டினீங்களேக்கா" என்றான் அஹத், முகம் செத்துப்போய்.

அடுத்த தடவை போனில் எழுதிக் காட்டப் பார்த்தாள். நெய்க்கை பட்டதும் திரை மரத்துப்போனது. ஆவி படிந்ததும் தானாகவே எதை எதையோ எழுதியது. புடவையில் துடைத்துத் துடைத்து அவள் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் கறி அடிப்பிடித்துவிட்டது.

மகள் ஹனியாவுக்கு சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு சனிக்கிழமை அவள் ஒரு போனைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். செங்கல் மாதிரி தடிமன். நான்கு மூலையிலும் ரப்பர். பாதி உயரத்துக்குத்தான் திரை, அதற்குக் கீழே நிஜமான பொத்தான்கள், எழுத்துக்கு ஒன்றாக.

"இன்னாடி இது, போலீஸ்காரன் வெச்சிருக்கிறது மாதிரி கீது?" என்றார் ஹமீது.

"தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆவாது அத்தா. கீழ வுழுந்தாலும் ஒடையாது. அம்மா டைப் பண்ணா அது பேசும்."

கல்யாணத்துக்கு முன் ஜஹனாரா டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு லோயர் பாஸ் பண்ணியவள். எந்த எழுத்து எங்கே இருக்கும் என்று விரலுக்குத் தெரியும். பத்து விரல் செய்த வேலையை இரண்டு கட்டைவிரலுக்குப் பழக்குவதுதான் பாடாக இருந்தது. கொஞ்ச நாளில் அதுவும் படிந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் அது தமிழாக மாற்றிப் பேசியது. கண் அண்டாவில் இருக்கும், விரல் பொத்தானைத் தடவிக்கொண்டிருக்கும். அந்தக் குரல் செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "டேய் அஹத்து, கண்ணு எங்க கீது" என்று அது நிதானமாகக் கேட்டபோது பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வேலை முடிந்ததும் அவள் அந்தப் போனைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவியதும் அது மறுபடி பேசியபோது சிரிப்பு நின்றது. போகப்போக அந்தத் தட்டைக் குரலுக்குப் பயப்படவும் ஆரம்பித்தார்கள். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அது.

மாமல்லபுரத்தில் கடலோரமாக ஒரு விடுதியில் கல்யாண விருந்து, மத்தியானச் சாப்பாடு. ஹனியா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். கடற்காற்றில் போன் சத்தம் எடுபடாது என்று சின்ன ஸ்பீக்கர் ஒன்றையும் கொண்டுவந்தாள். அதை இணைத்துக் கொடுத்துவிட்டு, "ஏதாவது டைப் பண்ணும்மா" என்றாள். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அரிசி பாதி வெந்திருந்தது. 'அரிசியை வடி' என்று தட்டினாள் ஜஹனாரா.

ஸ்பீக்கரில் வந்தது ஜஹனாராவின் குரல். கழுத்தில் அறுவை செய்வதற்கு முந்தைய குரல். பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்களை எல்லாம் சேர்த்து, ஒரு ஆப்பில் போட்டு ஹனியா உண்டாக்கியிருந்தாள்.

அஹத் கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். அவன் கண் கலங்கியது. வண்டியிலிருந்து ஐஸ்பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஹமீது அதைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்தார். ஜஹனாராவுக்கு உடம்பு ஒரு தரம் சிலிர்த்து அடங்கியது. அப்புறம் அரிசி ஞாபகம் வந்தது.

'வடிடா, குழைஞ்சிடும்' என்று தட்டினாள். அதையும் அந்தக் குரல் இனிக்க இனிக்கச் சொன்னது. மெசேஜ் எல்லாம் சமையலுக்குச் சொல்ல வருகிற பார்ட்டிகளுக்கு அனுப்பியவை. வாங்க, நல்லா இருக்கீங்களா, குறையில்லாம செஞ்சிடலாம் என்று குழைந்து பேசியவை. அந்தக் குரலுக்குத் திட்டத் தெரியவில்லை. அஹத் சிரித்துக்கொண்டே நின்றான். அவளே போய் அவன் தோளில் ஒன்று வைத்து, இருவருமாக அண்டாவைச் சாய்த்து வடித்தார்கள். அரிசி மயிரிழையில் தப்பியது.

உடனே அவள் பழைய செய்தி வாசிப்புக் குரலுக்கு மாற்றிக்கொண்டாள். தம் போட்டு மூடிமேல் தணல் கொட்டும்வரை ஹனியா பக்கம் திரும்பவில்லை.

சாப்பாடு பரிமாறி முடிந்தபிறகு மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "புடிக்கலியாம்மா? ரெண்டு மாசமா செஞ்சேன்."

ஜஹனாரா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பிறகு தட்டினாள். "நல்லா கீது. ஆனா அது வேற ஒருத்தி. அவ சொன்னா இவனுங்க கேக்க மாட்டானுங்க."

"அழிச்சிடட்டுமா?"

"உன்னாண்ட வெச்சிக்கோ. கேக்கணும்னு தோணுனா கேளு. அடுப்பாண்ட வேணாம்."

ஹனியா எழுந்தாள். தாயின் தோளில் ஒட்டியிருந்த சாதத்தை எடுத்துப் போட்டுவிட்டு, பாத்திரம் ஏற்றுகிற பக்கம் போனாள்.

மறுவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் வந்தது. பழைய குரல் இல்லை. வீட்டுக்குள் பேசப் போதுமான, கட்டையான, கரகரத்த ஒன்று. அடுப்படியில் இன்னும் அந்தத் தடித்த போன்தான் பேசுகிறது. அதன் பொத்தான்களில் இரண்டு மூன்று எழுத்து தேய்ந்துவிட்டது. வருகிற பார்ட்டிகளிடம் மட்டும் அவளே பேசுகிறாள். போன வாரம் அணுபுரத்திலிருந்து ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு பிரியாணி கேட்டு போனில் கூப்பிட்டார். பேச்சு முழுக்க "அண்ணே, அண்ணே" என்றார். அவள் திருத்தவில்லை. தேதியைக் கேட்டுக்கொண்டு, தயிர்ப்பச்சடி வேண்டுமா என்று மட்டும் விசாரித்தாள்.