ஜவ்வரிசி உருண்டையும் கட்ச் கடலும்

மார்கழி பிறந்தால் எனக்குக் கடல் ஞாபகம் வந்துவிடும். நாமக்கல்காரனுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான். நானும் என் கூட்டாளியும் சேர்ந்து ஒரு லாரி வைத்திருந்தோம். சேலத்து ஜவ்வரிசியை ஏற்றி, மாற்றி மாற்றி வண்டி ஓட்டிக் குஜராத்தில் கொண்டுபோய் இறக்குவோம். திரும்புகால் லோடு கிடைக்க மூன்று நாள், நான்கு நாள் ஆகும். அதுவரை கட்ச் வளைகுடாவுக்குப் பக்கத்தில் லாரியிலேயே படுத்துக் கிடப்போம்.

முதல் தடவை கடலில் தூண்டில் போட்டது என் கடைசி நடையில்தான். அது கடைசி என்று எனக்கு மட்டும் தெரியும். அதற்கு முந்தைய நடை முடிந்து வீட்டுக்குப் போனபோது, இரண்டு வயது மகள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, "அம்மா, யாரோ ஒரு மாமா வந்துருக்காங்க" என்றாள். வண்டியை விட்டு இறங்கிவிடுகிறேன் என்று அன்றைக்கே மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைக் கூட்டாளியிடம் சொல்லவேண்டும். ஒற்றை ஆளாக அவ்வளவு தூரம் ஓட்ட முடியாது. நான் இறங்கினால் அவன் பிழைப்பும் ஆடிப்போகும். கிளம்பும்போது சொல்ல நினைத்தேன். புனே தாண்டியதும் சொல்ல நினைத்தேன். நாக்கு எழவே இல்லை.

கரைக்குப் போன முதல் நாள் விடியற்காலையில் எழுந்தோம். மோகனூர்க் காவிரியில் அப்படித்தான் கெண்டை பிடிப்போம். லாரியில் சிந்திய ஜவ்வரிசியை வேகவைத்து, மைதா சேர்த்துப் பிசைந்து உருட்டினால் கெண்டை ஓடிவரும். அந்த உருண்டைகளோடு போய் நின்றால், கடலையே காணோம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. வடக்குக் காற்று காதுக்குள் ஊசி ஏற்றியது.

"மேட்டூர்ல தண்ணிய நிறுத்திப்போட்டாங்களாட்டம்" என்றான் கூட்டாளி. குளிரிலும் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

வலையை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எங்கள் பக்கம் வந்தார். உருண்டையைக் கையில் வாங்கி முகர்ந்து பார்த்தார். "இது நாங்கள் விரதத்துக்குச் சாப்பிடுவது. மீனுக்கு என்ன விரதம்?" என்று இந்தியில் கேட்டார். பிறகு விளக்கினார். குளிர்காலத்தில் விடியலில் மீன்கள் ஆழத்தில் கிடக்கும். வெயில் ஏறிச் சேறு சூடாகி, உச்சிப்பொழுதில் அதன்மேல் தண்ணீர் திரும்பி வரும்போதுதான் அவையும் இரைதேடி வரும். தூண்டிலில் இறால் குத்துங்கள் என்றார்.

இரண்டாம் நாள் இறாலோடு போனோம். எதுவும் கடிக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் காற்று அடங்கியது. இதமான வெயில். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். சேற்றின்மேல் தண்ணீர் சத்தமில்லாமல் ஏறி வந்தது. கூட்டாளியின் தூண்டில் நரம்பு விறைத்து நின்றது. "மாட்டிக்கிச்சுடா மாப்ள!" என்று அவன் குதித்தான். முழங்கை நீளத்துக்கு வெள்ளியாக ஒரு மீன் தண்ணீருக்கு மேலே துள்ளி மறுபடி உள்ளே விழுந்தது. அவன் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று என் முட்டாள் மூளைக்குத் தோன்றியது.

"மாப்ள, இந்த நடையோட நான் வண்டிய உட்டு எறங்கிக்கறேன்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். கை தளர்ந்துவிட்டது. மீன் போயிற்று, நரம்பு சுற்றியிருந்த கட்டையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று.

"கரையேத்துன பொறவு சொல்லியிருக்கக் கூடாதாடா?" என்றான். அவ்வளவுதான். அன்றைக்கு ரசம் ஊற்றிச் சாப்பிட்டோம். ஊர் திரும்பும் வழியெல்லாம் தன் முறை முடிந்தும் என்னை எழுப்பாமல் அவனே ஓட்டினான். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கு போல்ட்டு, நட்டு விற்கிறேன். எந்த மகளுக்காக இறங்கினேனோ அவள் ஹாஸ்டலில் இருக்கிறாள். கூட்டாளி ஒரு வருஷம் திண்டாடி, வேறு டிரைவரைச் சேர்த்துக்கொண்டு, இன்னமும் குஜராத்துக்கு ஓடுகிறான். ஊருக்கு வந்தால் டீ குடிப்போம். அந்த மீனைப் பற்றி மட்டும் இருவரும் பேசியதில்லை.

இந்த மார்கழியில் ஒருநாள் மதியம் வீடியோ காலில் வந்தான். அவனுடைய டிரைவர் போனைப் பிடித்திருந்தார். அதே கரை, அதே வெயில், சேற்றின்மேல் ஏறும் அதே தண்ணீர். அவன் கையில் நரம்பு விறைத்து நின்றது.

"மாப்ள, பெரிய மீனு. ஏதாச்சும் சொல்றதா இருந்தா இப்ப வாயத் தொறந்துராத!"

கடையில் ஆள் நின்றும் நான் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். விட்டு விட்டு இழுத்தான். ஒரு வழியாக மீன் சேற்றில் வந்து விழுந்து துள்ளியது. மூச்சு வாங்கிக்கொண்டே போனுக்கு முன்னால் முகத்தைக் கொண்டுவந்தான். மீசையெல்லாம் நரைத்திருந்தது.

"இப்பச் சொல்லு" என்றான்.

"அடுத்த நடைக்கு நானும் வாரேன்" என்றேன்.