ஓடையைப் பாதை என்று எழுதிய தீர்ப்பு

ஆம்பூருக்கு வெளியே, பாலாற்றுப் பக்கம், என் அப்பா எனக்கு எழுதிவைத்த நிலம் இருந்தது. அதற்கு வண்டி போக ஒரே வழி, பக்கத்துத் தோல் கிடங்கின் ஓரமாகத்தான். கிடங்குக்காரர் சுவர் எழுப்பி அதை அடைத்துவிட்டார். முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஜெயித்தேன். அவர் வேலூர் ஜில்லா கோர்ட்டுக்கு அப்பீல் போனார். அங்கே தோற்றேன்.

தீர்ப்பின் நகலை எங்கள் வக்கீல் சாயபு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். என் நிலத்துக்கு வடக்கே வேறொரு பாதை இருப்பது வரைபடத்தில் தெரிகிறதாம். நானும் என் வீட்டுக்காரரும் விழித்தோம். வடக்கே இருப்பது ஓடை.

"ரெண்டு கோடு போட்டிருக்குது இல்ல? அத்த ரோடுன்னு நெனச்சிட்டாரும்மா," என்றார் வக்கீல்.

"மெட்ராஸ்ல ஹைகோர்ட்டு இருக்குதே?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"சட்டத்துல தப்பு இருந்தாதான் அங்க கேப்பாங்க. இதுக்கு அதே ஜட்ஜுகிட்ட போய், மறுபடி விசாரிங்கன்னு மனு போடணும். அவருக்குக் கோவம் வேற ஜாஸ்தி."

வீடு திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் சொன்னார்: "விட்டுடலாம்மே. கிடங்குக்காரரு நெலத்தையே வாங்கிக்கிறேன்னு சொல்றாரு. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"தப்பு ஜட்ஜோடது. அவரையே கேக்கிறேன். முடியாதுன்னு அவர் வாயால சொல்லட்டும், அப்புறம் விக்கலாம்," என்றேன். மறுநாளே வக்கீலிடம் போய் மனு எழுதச் சொன்னோம்.

ஜட்ஜ் வெள்ளைக்காரர். மனுவைப் பார்த்ததுமே அவர் முகம் சிவந்தது. தோற்றவர்கள் எல்லாம் திரும்பி வந்தால் கோர்ட் என்னாவது என்று கேட்கிறார் என மொழிபெயர்ப்பாளர் சொன்னார். வக்கீல் விரித்துக் காட்டிய வரைபடத்தை ஜட்ஜ் ஏறிட்டும் பார்க்கவில்லை. பேசக் கூடாத இடம் என்று தெரிந்தும் எழுந்து நின்றேன்.

"அந்தப் பாதையில தொரை ஒரு மாட்டுவண்டிய ஓட்டச் சொல்லட்டும். வண்டி என் நெலத்துக்கு வந்து சேந்துட்டா, நான் நெலத்தையே விட்டுர்றேன்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். அந்த அம்மாள் சொன்னதைச் சொல் என்று துரை அதட்டியது அவர் கை ஆட்டியதிலேயே புரிந்தது. கேட்டு முடித்ததும் வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு எதிர்த்தரப்பு வக்கீலிடம், இது பாதையா, தண்ணீரா என்று கேட்டார்.

அவர் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்தில் தண்ணீர் ஓடும்," என்றார்.

"மற்றக் காலத்தில்?"

"மணல். சக்கரம் புதையும்."

நான் நின்றுகொண்டே இருந்தேன். மனுவை ஏற்று, வழக்கை முதலிலிருந்து கேட்கிறேன் என்று துரை சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

மறு விசாரணையில் நான் கேட்ட அத்தனையும் கிடைக்கவில்லை. சுவர் முழுவதும் இடிபடவில்லை. ஒரு வண்டி நுழையுமளவு திறந்து கதவு போட வேண்டும், பகலில் மட்டும் போய் வரலாம் என்று தீர்ப்பானது. எனக்கு அது போதும்.

கதவு வைத்ததும் முதல் எருவண்டியை என் வீட்டுக்காரரே ஓட்டினார். நான் பின்னால் நடந்தேன். கிடங்குக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"பாத்து ஓட்டுப்பா, சொவத்துல இடிச்சிடப் போவுது," என்றார்.

"பாத்துக்கிறேங்க," என்று சொல்லி, என் வீட்டுக்காரர் மாட்டைத் தட்டிவிட்டார்.